டார்ச் லைட்டுகளுக்குள் லித்தியம் பேட்டரிகளை மாற்றி மாற்றிப் போடலாமா?

வீட்டிலுள்ள மூன்று டார்ச் லைட்டுகளிலும் 18650 என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரிதான் இருக்கிறது, ஒன்றில் தீர்ந்தால் மற்றொன்றிலிருந்து எடுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒற்றை பேட்டரி லைட்டுகளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு பேட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடும் லைட்டிலிருந்து ஒன்றை மட்டும் உருவவே கூடாது.

எங்கள் தோட்டம் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மும்முனை மின்சாரம் இரவில் வந்தால் இரவில்தான் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். பாம்பு பயத்தால் வெளிச்சமின்றி வரப்பில் கால் வைக்க முடியாது. அப்படியொரு இரவில், இரட்டை பேட்டரி லைட்டிலிருந்த ஒன்றை மச்சான் தலையில் மாட்டும் லைட்டுக்கு எடுத்துக்கொண்டு, அதனிடத்தில் பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த ஒன்றைப் போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் கையில் பிடிக்க முடியாதபடி லைட் சுட்டது. வெறும் மண்ணில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். ஆறிய பிறகு மல்டிமீட்டரில் பார்த்தால் ஒன்று 3.6 வோல்ட், பழையது ஏறத்தாழ பூஜ்ஜியம்.

வரிசையில் இருக்கும் இரண்டு பேட்டரிகளிலும் ஒரே அளவு மின்னோட்டம்தான் பாய்கிறது என்பதால், வலுக்குறைந்தது முதலில் தீர்ந்த பிறகும் வலுவானது அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். தீர்ந்துபோனதன் முனைகள் தலைகீழாகவும் மாறிவிடலாம். அந்த நிலையில் உள்ளேயிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். அதை மறுபடி சார்ஜ் செய்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி வாயு கக்கவும் தீப்பிடிக்கவும் கூடும். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கைக்குள் பிடித்திருக்கும் பொருள் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

ஆகவே ஒரே கம்பெனி, ஒரே மாடல் பேட்டரிகள் இரண்டை ஒரே நாளில் வாங்கி, மார்க்கரால் 1அ, 1ஆ என்று எழுதி, சேர்த்தே சார்ஜ் செய்து, சேர்த்தே பயன்படுத்துங்கள். முழுதாக ஏறிய பேட்டரி 4.2 வோல்ட் காட்டும், இரண்டுக்கும் 0.05 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் லைட்டில் போடுவதில்லை.

ஒற்றை பேட்டரி லைட்டுகளிலும் சில பொருத்தங்கள் பார்க்க வேண்டும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே 18650 என்ற எண்ணின் பொருள் என்றாலும், பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள பேட்டரி சில மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். அதை இறுக்கித் திணிக்காதீர்கள். மேலுறை கிழிந்ததை உடனே ஒதுக்கிவிடுங்கள், ஏனெனில் உலோகக் கூடு முழுவதுமே மைனஸ் முனைதான். 9900 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) என்று அச்சிட்ட 18650 பேட்டரி பொய். அந்த உடலுக்குள் அவ்வளவு அடங்காது. சாதாரண பென்சில் பேட்டரியின் அளவிலேயே வரும் 14500 லித்தியம் பேட்டரி 3.7 வோல்ட் தருவதால், 1.5 வோல்ட்டுக்கென்று செய்த லைட்டில் போட்டால் பல்பு கருகிவிடலாம்.

அன்று பூஜ்ஜியத்துக்கு இறங்கியதை நாங்கள் மறுபடி சார்ஜில் போடவே இல்லை. அதனோடு சேர்ந்து சுட்ட நல்ல பேட்டரியையும் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்டோம். மச்சான் எடுத்துப்போனது மட்டும் அதே தலை லைட்டில், தனியாக, இன்றும் எரிகிறது.