ஓட்டு யாருக்கு வந்தது, யாரிடமிருந்து போனது? ஜாக்சன் காலத்து அமெரிக்கா பற்றிக் கேள்வி பதில்

ஆண்ட்ரூ ஜாக்சன் 1829 முதல் 1837 வரை அமெரிக்க ஜனாதிபதி. சாமானியனின் ஆட்சி அவரோடுதான் வந்தது என்பார்கள். அந்தக் காலத்தைப் பற்றிப் பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வகுப்பில் வருஷக்கணக்காக நடத்திய பாடம்தான். ஆனாலும் செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் கதைக்கு வந்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்தப் பதில் நீளமாகப் போனதற்கு அதுதான் காரணம்.

கல்லூரி மாணவி, சேலம்: டீச்சர், அங்கே ஆரம்பத்திலிருந்தே எல்லாரும் ஓட்டுப் போட்டார்கள்தானே?

இல்லைம்மா. ஆரம்பத்தில் பெரும்பாலான மாநிலங்களில் நிலமோ சொத்தோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வரி கட்டியிருக்க வேண்டும். 1812இல் பிரிட்டனோடு நடந்த போருக்குப் பிறகு, துப்பாக்கி தூக்க மட்டும் நாங்கள் வேண்டுமா என்ற கேள்வி வலுத்தது. மேற்கே புதிதாகச் சேர்ந்த இந்தியானா (1816), இல்லினாய் (1818), அலபாமா (1819) ஆகியவை சொத்து நிபந்தனையே வைக்கவில்லை. குடியேற ஆள் வர வேண்டுமே! பழைய மாநிலங்களும் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன.

ஆனால் நியூயார்க்கைப் பார். 1821இல் எழுதிய அரசியல் சாசனம் வெள்ளை ஆண்களுக்கு நில நிபந்தனையை எடுத்துவிட்டது. அதே சாசனம் கறுப்பின ஆணுக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்றது. டென்னசியில் 1834, வட கரோலினாவில் 1835, பென்சில்வேனியாவில் 1838 என்று வரிசையாக, அடிமையாக இல்லாத கறுப்பின ஆண்களுக்கு இருந்த ஓட்டும் பறிக்கப்பட்டது. வாக்குரிமை படிப்படியாக விரிந்தது என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் பாடப்புத்தகங்களை என்னால் ஏற்க முடியவில்லை. கொடுத்ததும் பறித்ததும் ஒரே காலத்தில், சில இடங்களில் ஒரே சாசனத்தில் நடந்தது.

இல்லத்தரசி, திண்டுக்கல்: பெண்களுக்கு?

நியூ ஜெர்சியில் மட்டும் இருந்தது. 1776 சாசனம் 50 பவுண்டு சொத்துள்ள குடியிருப்பவர் என்று பொதுவாகச் சொன்னதால் விதவைகளும் மணமாகாத பெண்களும் ஓட்டுப் போட்டார்கள். மணமானவளின் சொத்து கணவன் கைக்குப் போய்விடும் என்பதால் அவளுக்கு வழியில்லை. 1807இல் சட்டம் போட்டு எல்லாப் பெண்களையும் நிறுத்திவிட்டார்கள்.

வங்கி ஊழியர், மதுரை: 1824இல் அதிக வாக்கு வாங்கியவர் ஜாக்சன். அப்படியென்றால் ஜனாதிபதி ஆனது எப்படி வேறொருவர்?

நான்கு பேர் நின்றார்கள். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்களின் வாக்குகளில் ஜாக்சனுக்கு 99, ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 84, கிராஃபோர்டுக்கு 41, கிளேக்கு 37. பெரும்பான்மைக்கு 131 வேண்டும், யாரிடமும் இல்லை. அப்போது முடிவு நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போகும், மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. 1825 பிப்ரவரியில் 13 மாநிலங்களின் ஓட்டோடு ஆடம்ஸ் ஜெயித்தார். அவருக்குக் கைகொடுத்த கிளே அப்புறம் வெளியுறவு அமைச்சர் ஆனார். பேரம் என்று ஜாக்சன் ஆட்கள் நான்கு வருஷம் ஊர் ஊராகச் சொன்னார்கள். 1828இல் 178க்கு 83 என்று ஜாக்சன் வந்தார். பதவியேற்பு நாளில் வெள்ளை மாளிகைக்குள் திரண்ட கூட்டத்தில் பீங்கான் பாத்திரங்கள் நொறுங்கின. கூட்டத்தை வெளியே இழுக்க, பானத் தொட்டிகளைப் புல்வெளிக்குத் தூக்கிப்போக வேண்டியதாயிற்று.

தேர்தல் பணி பார்த்த ஆசிரியர், நாகர்கோவில்: வாக்குப்பதிவு ரகசியமாக நடந்ததா?

அந்தப் பேச்சே இல்லை, சார். கென்டக்கி போன்ற இடங்களில் அதிகாரி முன்னால் நின்று வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அங்கே இது 1891 வரை நீடித்தது. மற்ற இடங்களில் கட்சியே சீட்டு அச்சடித்துக் கொடுக்கும். பல சமயம் கலர் காகிதம். எந்தச் சீட்டு பெட்டிக்குள் போகிறது என்று தெருவில் நிற்பவனுக்கே தெரியும். கடன் கொடுத்தவரும் கூலி கொடுப்பவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஏழை கையை நீட்டி அந்தச் சீட்டைப் போட்டான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வழக்கறிஞர், திருச்சி: பெரும்பான்மை தவறு செய்தால் தடுக்க நீதிமன்றம் இருந்ததே?

இருந்தது. செரோக்கிகள் தங்கள் நிலத்தைக் காக்க ஒரு குடியரசிடம் என்னென்ன முறையில் கேட்க முடியுமோ அத்தனையிலும் கேட்டார்கள். செக்கோயா என்பவர் 1821 வாக்கில் அவர்கள் மொழிக்கு எழுத்து உருவாக்கினார். 1827இல் அரசியல் சாசனம் எழுதினார்கள். 1828இல் நியூ எச்சோட்டா என்ற அவர்கள் தலைநகரில் செரோக்கி ஃபீனிக்ஸ் என்ற பத்திரிகை வந்தது. ஒரே பக்கத்தில் ஒரு பத்தி ஆங்கிலம், ஒரு பத்தி செரோக்கி. அந்த அச்செழுத்துகள் பாஸ்டனில் வார்க்கப்பட்டு வந்தவை.

1830இல் பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 102க்கு 97 என்று நிறைவேறியது. ஐந்தே ஓட்டு வித்தியாசம். மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணி, தென் மாநிலங்களுக்கு அந்தச் சபையில் கூடுதல் இடங்கள் தந்திருந்தார்கள், அந்த இடங்கள் ஐந்தைவிட அதிகம். ஜாக்சனின் சொந்த மாநிலமான டென்னசியிலிருந்து வந்த டேவி கிராக்கெட் எதிர்த்து ஓட்டுப் போட்டார். அடுத்த தேர்தலில் தோற்றார்.

1832இல் உச்ச நீதிமன்றம், ஜார்ஜியா மாநிலச் சட்டம் செரோக்கி நிலத்தில் செல்லாது என்றது. ஆனால் நிலம் போவது நிற்கவில்லை. 1835இல் அவர்களின் அச்சு இயந்திரத்தை ஜார்ஜியா காவல்படை பறித்துக்கொண்டு போனது. அந்த டிசம்பரில் செரோக்கிகளில் அதிகாரமில்லாத ஒரு சிறு குழுவிடம், நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார்கள். செரோக்கித் தலைவர் ஜான் ராஸ், 15,000க்கும் மேற்பட்டோர் பெயரோடு மறுப்பு மனு அனுப்பினார். ஒப்பந்தத்தை செனட் 1836இல் ஏற்றுக்கொண்டது. தேவையான மூன்றில் இரண்டுக்கு மேல் ஒரே ஒரு ஓட்டு. 1838 மே மாதம் சிப்பாய்கள் வீடு வீடாக வந்து, அவர்களை மரவேலிப் பட்டிகளில் அடைத்தார்கள். சுமார் 16,000 பேரை மேற்கே கிளப்பினார்கள், ஏறக்குறைய 4,000 பேர் செத்தார்கள். வசதியான செரோக்கிகள் சிலர் தங்கள் கறுப்பின அடிமைகளையும் கூட்டிக்கொண்டு நடந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதே வழக்கறிஞர்: தலைமை நீதிபதி மார்ஷல் தீர்ப்பு சொன்னார், அவரே நிறைவேற்றட்டும் என்று ஜாக்சன் சொன்னாராமே?

பல பத்தாண்டு கழித்து அச்சில் வந்த வாசகம் அது. அவர் சொன்னதற்கு அந்தக் காலத்துச் சான்று இல்லை. தீர்ப்பு செத்துப் பிறந்துவிட்டது என்ற பொருளில் நண்பருக்குக் கடிதம் எழுதியது மட்டும் நிஜம். நீதிமன்றத்திடம் சிப்பாயும் இல்லை, கஜானாவும் இல்லை.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், கோவை: புதுப் பகுதிகளில் அடிமை முறை வேண்டுமா என்று அங்குள்ள மக்களே முடிவு செய்வது நியாயம்தானே, மேடம்?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, தம்பி. ஜாக்சனுக்குப் பிறகு, 1854இல் கேன்சஸுக்கு அதைத்தான் சட்டமாக்கினார்கள். 1855 தொடக்கத்தில் எடுத்த கணக்கில் அங்கே ஓட்டுரிமை உள்ளவர்கள் 2,905 பேர். மார்ச் மாதத் தேர்தலில் விழுந்த ஓட்டு 6,307. அடிமை முறை இருந்த பக்கத்து மாநிலமான மிசூரியிலிருந்து ஆயுதத்தோடு எல்லை தாண்டி வந்து ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அப்படி அமைந்த சட்டமன்றம், அடிமைகள் தப்பிக்க உதவினால் மரண தண்டனைகூட விதிக்கலாம் என்று சட்டம் போட்டது. அடிமைகளாக இருந்தவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. எதிர்த்தவர்கள் டொபீகாவில் தனியாக ஓர் அரசு அமைத்தார்கள். ஜனாதிபதி பியர்ஸ் ஏற்றுக்கொண்டது முதல் சட்டமன்றத்தை.