சிபாப் கருவிக்கான ஃபில்டரை வீட்டிலேயே வெட்டி வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: நான் குடியாத்தத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறது என்பதால், மருத்துவர் சொன்னபடி இரண்டு ஆண்டுகளாகச் சிபாப் கருவியைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறேன். கருவியின் பின்பக்கம் செருகும் சிறிய வெள்ளை ஃபில்டர், எங்கள் தெருப் புழுதிக்கு மூன்று வாரத்திலேயே சாம்பல் நிறமாகிவிடுகிறது. வேலூரில் கருவி வாங்கிய கடையில் ஒன்றுக்கு 350 ரூபாய் கேட்கிறார்கள். பல சமயம் இருப்பும் இல்லை என்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் அது வெறும் பஞ்சுத் துணி போலத்தான் இருக்கிறது. என்95 மாஸ்க், நான்-ஓவன் துணிப்பை, ஏசி ஃபில்டர் ஆகியவற்றில் ஒன்றை அதே அளவுக்கு வெட்டி வைத்தால் என்ன? அப்படி வைத்தால் வாரண்டி போய்விடுமா?

பதில்: ஐயா, தாங்கள் குறிப்பிட்ட மூன்றில் எதையும் அந்த இடத்தில் வைக்க வேண்டாம். அதே சமயம், ஒவ்வொரு முறையும் 350 ரூபாய் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஒரு தீப்பெட்டியின் முகப்பளவே உள்ள நாரிழைத் துண்டுக்கு அந்த விலை மிக அதிகம் என்ற தங்கள் ஆதங்கம் நியாயமானது. வீட்டில் வெட்டிக்கொள்ளத் தகுந்த பொருளும் ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு முன், மற்றவை ஏன் கூடாது என்பதை விளக்கிவிடுகிறேன்.

சிபாப் கருவி காற்றைச் சேமித்து வைத்துத் தருவதில்லை. அறையில் உள்ள காற்றை இழுத்து, அழுத்தம் கூட்டி, குழாய் வழியே மூக்குக்கு அனுப்புகிறது. நாம் வெளிவிடும் மூச்சு தங்கிவிடாமல் இருக்க, குழாயின் முனையில் மூக்கில் பொருத்தும் மாஸ்க்கில் உள்ள சிறு துளைகள் வழியாகக் காற்று இரவு முழுவதும் வெளியேறிக்கொண்டே இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். 10 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தில் (சிபாப் அழுத்தத்தை இந்த அலகில்தான் குறிப்பார்கள்) இப்படி வெளியேறும் காற்று, மாஸ்க்கின் வகையைப் பொறுத்து, நிமிடத்துக்கு 30 முதல் 40 லிட்டர் வரை இருக்கும். 35 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும், ஏழு மணி நேர உறக்கத்தில் 14,700 லிட்டர் காற்று அந்தச் சிறு துண்டு வழியாகச் செல்கிறது. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட அறையின் காற்றில் இது பாதிக்கு மேல். நம் நுரையீரலையும், உள்ளே சுழலும் மோட்டாரையும் அறைத் தூசியிலிருந்து காப்பது அந்த ஒரு துண்டுதான்.

என்95 மாஸ்க் நல்ல வடிகட்டி என்பதில் ஐயமில்லை. ஆனால் அது முகத்தின் பாதியை மூடும் பரப்புக்காகக் கணக்கிடப்பட்டது. அந்தப் பரப்பு ஏறக்குறைய 150 சதுர சென்டிமீட்டர். கருவியின் ஃபில்டர் இடமோ பல மாடல்களில் 20 சதுர சென்டிமீட்டர்தான். அதே அளவு காற்று ஏழில் ஒரு பங்கு பரப்பு வழியாகப் புக வேண்டியிருந்தால், துணி தரும் தடையும் கிட்டத்தட்ட அத்தனை மடங்கு கூடும். உறிஞ்சும் பக்கம் அடைபட்டால், கேட்ட அழுத்தத்தைத் தருவதற்காக மோட்டார் கூடுதல் வேகத்தில் சுழலும், இரைச்சல் எழும், சூடேறும். அழுத்தத்தை அளந்து தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் கருவிகூட ஓர் எல்லை வரைதான் ஈடுகட்டும். அதற்கு மேல் மருத்துவர் குறித்துக் கொடுத்த அழுத்தம் தங்களுக்குக் கிடைக்காது. உறக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியவும் தெரியாது. இதுதான் எனக்கு உண்மையான கவலை: தூசி புகுந்தால் தும்மலாவது வரும், அழுத்தம் குறைந்தால் மூச்சு மீண்டும் தடைபடுவதைத் தவிர வேறு அறிகுறி இருக்காது.

நான்-ஓவன் பை இதற்கு நேர்மாறானது: காற்றையும் விடும், நுண்தூசியையும் விடும். அதுவும் பாலிப்ரொப்பிலீன் இழைதான். ஆனால் சாமான் சுமப்பதற்காகச் செய்த பருமனான இழை. நல்ல ஃபில்டர்களிலும் மாஸ்க்குகளின் நடு அடுக்கிலும் இருப்பவை மிக நுண்ணிய இழைகள். பெரும்பாலும் அவற்றுக்கு மின்னேற்றமும் கொடுத்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத துகள்களைப் பிடித்து வைப்பது அந்த மின்னேற்றம். சோப்பு நீரிலோ சானிடைசரிலோ நனைத்தால் அது போய்விடும். துணி பார்ப்பதற்குப் பழையபடியே இருக்கும், வேலை செய்யாது. ஒரு முறை பயன்படுத்தும் ஃபில்டரைத் துவைக்கக் கூடாது என்று நிறுவனங்கள் சொல்வது, விற்பனையைப் பெருக்க மட்டும் சொல்வதல்ல.

வீட்டு ஏசியில் கழற்றிக் கழுவும் வலை, பஞ்சையும் முடியையும் மட்டுமே தடுக்கும். தாளாக விற்கப்படும் ஏசி ஃபில்டர்களில் சில கண்ணாடி இழையால் ஆனவை. அதை வெட்டினால் உதிரும் துகள் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகும் என்பதால், அதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். பழைய வேட்டித் துணி, கைக்குட்டை போன்ற பருத்தி வகைகளும் நூல் உதிர்ப்பவை. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிப்பவை. பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்ச், சோபாவுக்குப் போடும் ஃபோம் ஆகியவற்றையும் விலக்குங்கள். காற்று செல்லும் பாதையில் வைக்கும் ஃபோம் நாளடைவில் பொடியாகக் கூடும் என்பது வெறும் அச்சமல்ல. 2021 ஜூன் மாதம் ஃபிலிப்ஸ் நிறுவனம் உலகெங்கும் பல லட்சம் சுவாசக் கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்ததற்குக் காரணமே, இரைச்சலைக் குறைப்பதற்காக உள்ளே வைத்த பாலியூரிதேன் ஃபோம் சிதைந்து காற்றோடு கலக்கக்கூடும் என்பதுதான். அது ஃபில்டர் அல்ல, வேறு பாகம். ஆனாலும், பெரிய நிறுவனம் தேர்ந்தெடுத்த ஃபோமுக்கே அந்த நிலை என்றால், எதற்காகச் செய்தது என்று தெரியாத ஃபோமை நாம் எப்படி நம்புவது?

இனி, வெட்டிக்கொள்ளத் தகுந்தது. சிபாப் கருவிகளுக்கென்றே விற்கப்படும் பெரிய அளவு ஃபில்டரை, அல்லது அதே வகை நாரிழைத் தாளை வாங்கி, தங்கள் கருவியின் அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். பழைய ஃபில்டரை அச்சாக வைத்துக் கோடு போட்டு, புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள்; மழுங்கிய கத்தரிக்கோல் ஓரத்தைப் பிசிறாக்கிவிடும். நான்கு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக விட்டால் சட்டத்தில் இறுக்கமாக உட்காரும். தடிமன் பழையதைப் போலவே இருக்க வேண்டும். மெல்லியதை இரண்டாக மடித்து வைக்கக் கூடாது. பசையோ செல்லோ டேப்போ ஒட்டாதீர்கள், அதன் நெடியைத்தான் இரவெல்லாம் சுவாசிப்பீர்கள். பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்தே வரும் ஃபில்டராக இருந்தால் இந்த முயற்சியே வேண்டாம்.

வைத்த ஒரு வாரம் கழித்து, கருவியை அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஃபில்டரைக் கழற்றுங்கள். அது இருந்த பள்ளத்தின் உள்ஓரத்தை வெள்ளைத் துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் கோடு விழுந்தால், காற்று ஃபில்டர் வழியாகச் செல்லாமல் விளிம்பைச் சுற்றிப் போகிறது என்று பொருள். துண்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை. இழைத் துணுக்கு ஒன்றிரண்டு ஒட்டியிருந்தாலும் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். முன்பைவிட இரைச்சல் கூடியிருந்தாலோ, காலையில் கருவியின் திரை காட்டும் மூச்சுத்தடை எண்ணிக்கை வழக்கத்தைவிட ஏறியிருந்தாலோ, பழைய வகைக்கே திரும்பி, தங்களுக்கு உறக்க ஆய்வு செய்த மருத்துவமனையில் அந்தப் பதிவைக் காட்டிவிடுங்கள்.

இத்தனை சிரமம் எதற்கு என்று தோன்றினால், அதுவும் சரியே. தங்கள் மாடலுக்குப் பொருந்தும் என்று குறிப்பிட்டு, பிற தயாரிப்பாளர்கள் கட்டாக விற்கும் ஃபில்டர்களை வாங்கினால் ஒன்றின் விலை வெகுவாகக் குறையும். நான் முதலில் சொல்வது அந்த வழியைத்தான். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள சர்ஜிகல் கடைகளில் இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். கருவி வாங்கிய கடையிலேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கருவியின் படத்தையும் பழைய ஃபில்டரையும் கையோடு கொண்டு போங்கள்.

மாற்றும் கால அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ரெஸ்மெட் கருவிகளின் சாதாரண ஃபில்டரை ஆறு மாதத்துக்குள், அழுக்கோ ஓட்டையோ தெரிந்தால் அதற்கு முன்பே, மாற்றச் சொல்கிறார்கள், துவைக்கக் கூடாது. ஃபிலிப்ஸின் ட்ரீம்ஸ்டேஷன் வகையில் வெளிர் நீலத் துண்டுக்கு 30 நாள்தான் ஆயுள். மற்றொரு நீலத் துண்டை மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவலாம். கழுவும் வகையை நிழலில் முழுக்க உலர்த்திய பிறகே செருக வேண்டும். வேலூர் வெயிலில் அரை மணியில் காய்ந்துவிடும் என்று மாடியில் போடாதீர்கள். வெயில் ஃபோமை இறுகச் செய்து நொறுக்கிவிடும். அந்த வகையில் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது நல்லது.

மூன்று வாரத்தில் சாம்பல் நிறமாவது, ஃபில்டரின் குறையைவிட அறையின் நிலையைத்தான் காட்டுகிறது. கருவி தரையில் இருக்கிறதா, தெருப்பக்கச் சன்னலடியில் இருக்கிறதா, இலவம்பஞ்சு மெத்தைக்கும் திரைச்சீலைக்கும் ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். படுக்கை மட்டத்துக்குச் சற்றுக் கீழான ஒரு முக்காலியில், பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, அறையைப் பெருக்குவதற்குப் பதிலாக ஈரத் துணியால் துடைத்து, மின்விசிறி இறக்கையில் படிந்த தூசியையும் அகற்றினால், அதே ஃபில்டர் கூடுதல் நாள் உழைக்கும். கொசுவத்தியும் சாம்பிராணியும் அந்த அறையில் வேண்டாம். அந்தப் புகையை இந்த ஃபில்டர்கள் முழுவதும் தடுக்காது. கொசுவலை போதும்.

வாரண்டியைப் பொறுத்தவரை, அட்டையில் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். பிற நிறுவன ஃபில்டரைப் போட்டதாலேயே மின்பலகைப் பழுதுக்கும் பொறுப்பில்லை என்று கடைக்காரர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். ஆனால் வீட்டுத் துணியின் இழை மோட்டாரில் சுற்றிக்கொண்டிருப்பதைச் சர்வீஸ் செய்பவர் கண்டுவிட்டால், தங்கள் பக்கம் பேசுவதற்கு எதுவும் இருக்காது.

கேள்வி: ராணிப்பேட்டையில் தொழிற்பேட்டைக்கு அருகில் இருக்கிறோம். இரவில் தோல் பதனிடும் வாடை, கருவி வழியாக இன்னும் தூக்கலாக வருவதாக என் கணவர் சொல்கிறார். அடுப்புக் கரியைப் பொடித்து, துணியில் வைத்துத் தைத்து, ஃபில்டருக்கு முன்னால் கட்டலாமா?

பதில்: கூடாது அம்மா. நெடியைப் பிடிப்பது அதற்கென்று பதப்படுத்திய கரி. அடுப்புக் கரிக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. பதப்படுத்திய கரியேயானாலும், அத்தனை வேகமாகக் காற்று பாயும் மெல்லிய அடுக்கில் நெடி நிற்க நேரம் போதாது. கரித்தூள் மட்டும் நிச்சயம் உள்ளே போகும். சாதாரண ஃபில்டர், நுண்துகள் ஃபில்டர் இரண்டுமே தூசிக்கானவை, வாயுவைத் தடுப்பவை அல்ல. வாடையோடு காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் உள்ள அறைக்குப் படுக்கையை மாற்றிப் பாருங்கள். கருவியின் ஈரப்பதமூட்டித் தொட்டியில் தேங்கிய பழைய நீரும் இப்படி நாறும்; அதை நாள்தோறும் கொட்டிக் கழுவி, காய்ச்சி வடித்த நீரை (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றுகிறீர்களா என்பதையும் பாருங்கள். நெடி போக்குவதற்கென்று ஓசோன் வாயுவால் சுத்தம் செய்யும் பெட்டிகளும் விற்கிறார்கள். இவ்வகைப் பெட்டிகளுக்கு அதுவரை தன் அனுமதி வழங்கப்படவில்லை என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 பிப்ரவரியில் எச்சரித்தது. வாங்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் பன்னிரண்டு ஃபில்டர் கொண்ட கட்டு வாங்கினேன். என் மாடல் பெயர் போட்டிருந்தும் அகலம் மூன்று மில்லிமீட்டர் குறைகிறது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். சத்துவாச்சாரியில் இருக்கிறேன், எங்கே முறையிடுவது?

பதில்: குறைகிற ஃபில்டரை இழுத்துப் பிடித்துப் போட்டுச் சமாளிக்காதீர்கள்; மூன்று மில்லிமீட்டர் இடைவெளி என்பது ஃபில்டர் இல்லாததற்குச் சமம். அளவுகோலோடு சேர்த்து அதைப் படம் எடுத்து, விற்பனைப் பக்கத்தில் மாடல் பெயர் உள்ள இடத்தையும் சேமித்து வையுங்கள். உறையில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும், இறக்குமதிப் பொருளானால் எந்த நாட்டில் செய்தது என்பதும், புகார் தெரிவிக்க வேண்டிய தொடர்பும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே தனிக் குறை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சிறு தொகைகள் பலவும் அந்தக் கட்டத்திலேயே திரும்பிவிடுகின்றன. அதில் தீராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்யலாம். 2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி தாங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. வழக்கறிஞர் வைக்காமல் தாங்களே வாதாடலாம். பிரிக்காத துண்டுகளையும் பில்லையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.