என்ன படிப்பது, எதற்காகப் படிப்பது? ஓய்வுபெற்ற நூலகரின் பதில்கள்

அரசு கிளை நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பலவகைப் புத்தகங்களையும் படிப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: மாதம் இரண்டு புத்தகமாவது படித்துவிடுவேன், மேடம். எல்லாமே தன்னம்பிக்கை, முதலீடு, தொழில் வெற்றி. "ஒரே புத்தகத்தைத்தான் அட்டை மாற்றி மாற்றிப் படிக்கிறீங்க" என்கிறார் மனைவி. வேறு எங்கிருந்து தொடங்குவது? (கோயம்புத்தூர், மென்பொருள் ஊழியர்)

பதில்: உங்கள் மனைவி சரியாகத்தான் கவனித்திருக்கிறார். அந்தப் புத்தகங்களை விட்டுவிடச் சொல்லமாட்டேன். ஆனால் அவை எல்லாம் உங்களைப் பற்றியே பேசுகின்றன: நீங்கள் எப்படி முன்னேறுவது, உங்கள் பணத்தை என்ன செய்வது. அடுத்ததாக, உங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒரு பிழைப்பைப் பற்றிய புத்தகத்தை எடுங்கள். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நல்ல தொடக்கம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். யாரைப் பற்றி எழுதப் போகிறாரோ அவர்களிடம் நேரில் போய், பேசிப் பழகி எழுதுவது அவர் வழக்கம். வெயிலில் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைக்கும் பாத்தி, உப்புநீரில் நின்று நின்று புண்ணாகும் கால், மேல்பார்வை செய்கிறவர்களிடம் பெண்கள் படும் பாடு எல்லாவற்றையும் அந்த உலகத்தில் பார்ப்பீர்கள்.

அதன்பிறகு செய்தித்தாளில் ஒரு மூலையில் வரும் செய்திகூட கண்ணில் படும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காக அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது. இதுவரை நீங்கள் தாண்டிப்போயிருக்கக்கூடிய அறிவிப்பு அது. இனி, "மூன்று மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு இது எப்படிப் போதும்?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி உங்களுக்கு வரவேண்டும் என்பதற்காகத்தான் இந்த நாவலைச் சொன்னேன்.

கேள்வி: கதை படித்தால் பிறர் மனதைப் புரிந்துகொள்ளும் திறன் கூடும் என்று ஆய்விலேயே நிரூபித்துவிட்டார்களாமே? (வேலூர், பள்ளி ஆசிரியை)

பதில்: 2013-இல் 'சயன்ஸ்' இதழில் டேவிட் கிட், இமானுவேல் கஸ்டானோ இருவரும் எழுதிய கட்டுரையைச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். இலக்கியத் தரமான கதைப் பகுதியைக் கொஞ்ச நேரம் படித்தவர்கள், ஒருவரின் கண்களை மட்டும் படத்தில் பார்த்து அவர் உணர்ச்சியைச் சொல்லும் சோதனையில் மற்றவர்களைவிடச் சற்று நன்றாகச் செய்தார்கள். ஆனால் 2016-இல் வேறு ஆய்வாளர்கள் கூடுதல் பேரை வைத்துச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அதே 2016 ஆய்வில் இன்னொன்று தெரிந்தது: வாழ்நாளில் நிறையக் கதை படித்திருப்பவர்கள் அந்தச் சோதனையில் நன்றாகவே செய்தார்கள். பிறர் மேல் அக்கறை உள்ளவர்கள்தான் கதைகளைத் தேடிப் போகிறார்களோ என்ற கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. அதனால் பத்து நிமிடம் படித்தால் மனம் விரிந்துவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், டீச்சர். வருடக்கணக்கில் படிக்க வையுங்கள்.

கேள்வி: மகன் எட்டாம் வகுப்பு. கிரிக்கெட் செய்தியைத் தவிர எதையும் தொடுவதில்லை. பாடத்தைப் படித்தால் புரியவில்லை என்கிறான். கிரிக்கெட் படிப்பதை நிறுத்திவிடட்டுமா, அக்கா? (விருதுநகர், ஒரு தாய்)

பதில்: நிறுத்தவே நிறுத்தாதீர்கள், தங்கச்சி. 1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். படித்ததை, மைதானம் மாதிரி செய்த பலகையில் பொம்மைகளை நகர்த்திக் காட்டவேண்டும். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பெயர் வாங்கியிருந்தும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை முந்திவிட்டார்கள்! உங்கள் மகனுக்கும் வாசிக்கத் தெரியாமல் இல்லை. பாடம் பேசும் விஷயம் அவனுக்குப் புதிதாக இருக்கலாம், அவ்வளவுதான். பல துறைகளையும் கொஞ்சம் கொஞ்சம் படித்து வைத்திருப்பவனுக்கு அடுத்த புத்தகம் சுலபமாகிறது.

அப்புறம், கிரிக்கெட்டிலிருந்தே வெளியே போக வழி இருக்கிறது. பல்வங்கர் பாலு பற்றிப் படிக்கக் கொடுங்கள். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த இடதுகை சுழற்பந்து வீச்சாளர். 1911-இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் 100 விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். பூனாவில் தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்குப் பீங்கான் கோப்பை. இவருக்கு வெளியே தனியாக மண் குவளை. அவர் எடுத்த விக்கெட் மட்டும் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. இதைப் படித்துவிட்டு "ஏம்மா அப்படிச் செஞ்சாங்க?" என்று அவன் கேட்டால் வரலாற்றுப் பாடம் தொடங்கிவிட்டது.

கேள்வி: எனக்குப் பிடிக்காத கருத்தை எழுதுகிறவர்களை நான் ஏன் படிக்கவேண்டும்? இரத்தக் கொதிப்புதான் ஏறுகிறது, அம்மா. (கும்பகோணம், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

பதில்: கோபம் வரட்டும் ஐயா, தப்பில்லை. அம்பேத்கர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1936-இல் லாகூரில் ஒரு சாதி எதிர்ப்புச் சங்கம் அவரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையை முன்கூட்டியே படித்துப் பார்த்துவிட்டு மிரண்டுபோய்க் கூட்டத்தையே ரத்து செய்தார்கள். அவர் தன் செலவில் அதை அச்சிட்டார். அதுதான் 'சாதியை அழித்தொழித்தல்'. காந்தி தன் 'ஹரிஜன்' இதழில் மறுப்பு எழுதினார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் அம்பேத்கர் காந்தியின் மறுப்பையும் சேர்த்து, கூடவே தன் பதிலையும் வைத்தார். எதிராளி சொன்னதை வாசகர் அவர் வார்த்தையிலேயே படிக்கட்டும் என்ற துணிச்சல் அது.

எங்கள் நூலகத்தில் தினமும் வரும் பெரியவர்கள் சிலர் தங்கள் கட்சிப் பத்திரிகையை மட்டும் படித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்று கேட்டால், தங்கள் பத்திரிகை அதைப் பற்றிச் சொன்னதைத்தான் சொல்வார்கள். நீங்கள் மறுப்பதானாலும், அவர் உண்மையில் எழுதியதை மறுக்கவேண்டாமா?

கேள்வி: தமிழ் மட்டும்தான் தெரியும். உலகத்தைப் படிக்க முடியுமா? (திருவண்ணாமலை)

பதில்: தாராளமாக. மலையாள எழுத்தாளர் தகழியின் 'செம்மீன்' நாவலை சுந்தர ராமசாமி தமிழில் தந்திருக்கிறார். ரஷ்ய இலக்கியத்தை இங்கே ஒரு தலைமுறையே தமிழில்தான் படித்தது. முதலில் பக்கத்து மாநிலங்களை முடியுங்கள்.

கேள்வி: புத்தக விலையைப் பார்த்தால் பலதும் படிக்கிற ஆசையே போய்விடுகிறது. (மதுரை அருகே, கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, உங்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டு 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பலன் அது. உங்கள் ஊர் நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். சின்ன நூலகம் போதவில்லையென்றால் மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. தேடிய புத்தகம் இல்லையென்றால் பேசாமல் திரும்பி வராதீர்கள். பெயரை எழுதி நூலகரிடம் கொடுங்கள். கேட்கிற ஆள் இருந்தால்தான் நாங்களும் மேலிடத்தில் கேட்கமுடியும்.