இசை நாடகம் போட ஸ்கிரிப்டும் மேடை உரிமையும் எங்கே வாங்குவது?

கோவையில் டிக்கெட் போட்டு நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் ஓடிய ஓர் இசை நாடகத்தைத் தமிழில் நடத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துப்போடாதீங்க, முதலில் உரிமை.

பிராட்வே நாடகங்கள் பலவும் மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல், கான்கார்ட் தியேட்ரிக்கல்ஸ் போன்ற நியூயார்க் நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. அவர்கள் தளத்தில் நாடகத்தைத் தேடி விண்ணப்பிக்க வேண்டும். அரங்கில் எத்தனை சீட், டிக்கெட் என்ன விலை, எத்தனை ஷோ என்று கேட்டுத்தான் ராயல்டி சொல்வார்கள். கடையில் வாங்கிய புத்தகம் படிக்க மட்டும்தான். நடிகர்களுக்கான பிரதியும் இசைக்குறிப்பும் பெரும்பாலும் வாடகைக்கு வரும். அச்சுப் பிரதி என்றால் பென்சிலில்தான் குறிக்கணும், திருப்பி அனுப்பும் முன் அத்தனையும் அழிக்கணும்.

உங்களுக்குச் சிக்கல் தமிழில்தான். உரிமை கிடைத்தாலும் கேட்காமல் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது. மொழிபெயர்ப்புக்குத் தனியாக எழுத்தில் அனுமதி வேண்டும், மறுத்தாலும் மறுக்கலாம்.

'நாங்க அமெச்சூர் குழுதானுங்களே' என்று சிலர் சொல்வார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு இருப்பது உண்மைதான். அமெச்சூர் குழு கட்டணமில்லாமல் நடத்தினாலோ, சமய நிறுவனத்தின் நன்மைக்காக நடத்தினாலோ அது மீறல் ஆகாது. ஆனால் அது நடிப்பதற்கான விலக்கு. ஸ்கிரிப்டை ஜெராக்ஸ் போடுவதும் மொழிபெயர்ப்பதும் வேறு கணக்கு. நீங்களோ டிக்கெட் போடுகிறீர்கள்.

என்னைக் கேட்டால், முதல் மேடைக்கு நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளை எடுங்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி என்று பாட்டாகவே நகரும் நாடகங்கள். அவர் மறைந்தது 1922. ஆசிரியர் காலத்துக்குப் பின் 60 ஆண்டுதான் உரிமை என்பதால் இப்போது யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நம்ம ஊர்க் கதைதான் வேணுமென்றால் பொன்னர்-சங்கர் என்ற அண்ணன்மார் கதை இருக்கிறது. உடுக்கடிப் பாட்டும், மாண்டு கிடக்கும் அண்ணன்மாரைத் தங்கை தங்காள் வந்து எழுப்புகிற படுகளக் காட்சியும் கோவை மேடைக்குப் புதிதாக எதையும் விளக்காமலே போய்ச் சேரும். கதை பொதுச்சொத்து, ஆனால் யாரோ எழுதி அச்சிட்ட வரிகளை அப்படியே எடுக்காமல் நீங்களே எழுதுங்கள். மெட்டும் புதிதாகப் போடுங்கள். சினிமா மெட்டில் வரி மாற்றிப் பாட நினைத்தால் இசைக்கு ஒருவர், வரிக்கு ஒருவர், கரோக்கி டிராக்குக்கு ஒருவர் என்று அலைய வேண்டியிருக்கும்.

பிராட்வேதான் என்று முடிவு செய்தால், யூடியூபில் ஏற்றுவதையும் விண்ணப்பத்திலேயே கேட்டுக்கோங்க. மேடை உரிமையில் வீடியோ அடங்காது.