சிபாப் மாஸ்க்: முதல் மாதத்துக் கேள்விகள்

தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு தடைப்படுகிறது, இது ஸ்லீப் ஆப்னியா என்று சொல்லி, சிபாப் மெஷினைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் மெஷின் அது. கேள்விகள் அன்றைக்கு ராத்திரிதான் ஆரம்பிக்கின்றன. இந்த முறை எழுதியவர்களில் நிறையப் பேர் முதல் மாதத்தில் இருப்பவர்கள். "போகப் போகப் பழகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. தானாகப் பழகுவது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மாஸ்கிலோ அழுத்தத்திலோ இருக்கும் கோளாறு. கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டியது.

மாஸ்கைப் போட்டதுமே மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது. இரண்டு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. காற்று கொடுக்கும் மெஷினை மாட்டிக்கொண்டு காற்றில்லாமல் தவிப்பது நான் மட்டும்தானா?

நிறையப் பேர் தவிக்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் காரணம் ஒன்றல்ல. உங்களுக்கு எது என்று முதலில் பாருங்கள்.

மெஷினில் 'ராம்ப்' என்று ஒரு வசதி உண்டு. குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்து, நீங்கள் தூங்கப் போகும் நேரத்துக்குள் மெல்ல மெல்ல ஏற்றும். பெரும்பாலும் 4 சென்டிமீட்டர் நீரழுத்தத்தில் (மெஷினின் காற்றழுத்தத்தை அளக்கும் அலகு இது) ஆரம்பிக்கும்படி வைத்திருப்பார்கள். சிலருக்கு, முக்கியமாக மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் போடுபவர்களுக்கு, அந்த 4 போதாது. இழுக்க இழுக்கக் காற்று வராததுபோல் இருக்கும். அழுத்தம் அதிகம் என்று பயந்து அதை இன்னும் குறைக்கச் சொல்வார்கள். அவர்களுக்கு வேண்டியது நேர் எதிர். ஆரம்ப அழுத்தத்தை 5 அல்லது 6 ஆக மாற்றச் சொல்லி டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

மூச்சை உள்ளே இழுப்பது சுலபம், வெளியே விடுவதுதான் போராட்டம் என்றால் அது வேறு விஷயம். மூச்சு விடும்போது மட்டும் அழுத்தத்தைச் சற்றுத் தணிக்கும் வசதி பல மெஷின்களில் இருக்கிறது. கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம்.

இரண்டும் இல்லை, முகத்தில் ஏதோ ஏறி உட்கார்ந்த பயம்தான் என்றால் ராத்திரியில் பழகாதீர்கள். பகலில், நாற்காலியில் உட்கார்ந்து, டிவி பார்த்துக்கொண்டே பழகுங்கள். முதலில் பட்டையை மாட்டாமல், மெஷினை ஓடவிட்டு மாஸ்கைக் கையால் மூக்கோடு பிடித்துக்கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்று கைக்குத் தெரிந்தால் மனசு பாதி அடங்கிவிடும். மூக்குக்கான மாஸ்க் என்றால் வாயை மூடியே வைத்திருங்கள். திறந்தால் காற்று வாய் வழியாகச் சீறிக்கொண்டு வரும், அதுவே பீதியைக் கிளப்பும். அலுப்புத் தட்டும்வரை இப்படி இருந்துவிட்டு, அப்புறம் பட்டையை மாட்டுங்கள். அதற்கும் அலுத்த பிறகு படுத்துப் பாருங்கள். ஒரு வாரம் இதற்கே போனாலும் பரவாயில்லை. அப்போதும் முடியவில்லை என்றால், மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் சிறிய 'பில்லோ' மாஸ்கைக் கேளுங்கள். அது கண்ணுக்கு முன்னால் வந்து மறைக்காது.

என் வீட்டுக்காரர் பட்டையை இறுக்கு இறுக்கு என்று இறுக்குகிறார். காலையில் மூக்குத்தண்டு சிவந்து புண்ணாகிறது. அப்படியும் ராத்திரி முழுக்கக் காற்று புஸ்ஸென்று என் முகத்தில்தான் அடிக்கிறது.

உங்கள் மேல் அடிப்பது இரண்டு காற்றில் ஒன்றாக இருக்கும். மாஸ்கின் முன்புறம் பொடிப்பொடி ஓட்டைகள் இருக்கும். அவர் வெளிவிடும் கரியமில வாயு போவதற்கான வழி அது. அங்கே காற்று எப்போதும் வரும், வரவும் வேண்டும். எக்காரணம் கொண்டும் துணியோ டேப்போ வைத்து அடைக்காதீர்கள். அவரை ஒருக்களித்து அந்தப் பக்கம் படுக்கச் சொன்னால் போதும்.

ஓரங்களில், குறிப்பாகக் கண்ணுக்குக் கீழே, காற்று கசிந்தால் அதுதான் ஒழுக்கு. இறுக்கினால் அது கூடும். மாஸ்கின் சிலிக்கான் ஓரம் காற்று நிரம்பி உப்பினால்தான் முகத்தோடு ஒட்டும். இறுக்கினால் மடங்கிப் போய்விடுகிறது. அவரைப் படுக்கவைத்து, மெஷினை ஓடவிட்டு, பட்டையைத் தளர்த்தி, மாஸ்கை முகத்திலிருந்து கொஞ்சம் வெளியே இழுத்து, காற்று நிரம்பியதும் மெதுவாகத் திரும்ப வையுங்கள். பிறகு கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கண்ணாடி முன் உட்கார்ந்து சரிபார்த்த மாஸ்க் படுத்ததும் நகர்ந்துவிடும், முகத்தசை தொங்கும் விதமே மாறிவிடுகிறது. படுக்குமுன் முகத்து எண்ணெய்ப் பசையைக் கழுவச் சொல்லுங்கள். தாடி இருந்தால் பில்லோ மாஸ்க் நல்லது. புண் ஆறாவிட்டால் அந்த மாஸ்க் அவருக்கு ஆகாது, அளவையோ வகையையோ மாற்றுங்கள்.

1981-ல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் குழுவினர் இந்தச் சிகிச்சையை அறிவித்த காலத்தில், மாஸ்கை நோயாளியின் மூக்கில் ராத்திரிக்கு ராத்திரி பசை போட்டு ஒட்டினார்கள். அவருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

மாஸ்கோடுதான் தூங்குகிறேன். காலையில் பார்த்தால் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. எப்போது கழற்றினேன் என்றே தெரியவில்லை. நான்கு மணி நேரம் போட்டால் போதும் என்கிறார்களே?

நான்கு மணி நேரம் என்பது காப்பீட்டுக்காரர்களும் ஆராய்ச்சியாளர்களும் கணக்குக்காக வைத்துக்கொண்ட எல்லை. உங்கள் தொண்டைக்கு அந்தக் கணக்கு தெரியாது. கனவு வரும் தூக்கம் பெரும்பாலும் விடியற்காலையை ஒட்டித்தான் அதிகம். அப்போது தசைகள் மிகவும் தளர்ந்து போவதால், பலருக்கு மூச்சடைப்பு நீண்டு, ஆக்சிஜன் நன்றாக இறங்குவதும் அந்த நேரத்தில்தான். நீங்கள் மாஸ்கைக் கழற்றுவது மிகவும் தேவைப்படும் நேரத்தில்.

தூக்கத்தில் கை சும்மா கழற்றாது. மெஷினின் ஆப்பில் அந்த ராத்திரியின் ஒழுக்கு வரைபடத்தைப் பாருங்கள். கழற்றுவதற்குச் சற்று முன் கோடு மேலே ஏறியிருந்தால் மாஸ்கோ, திறந்த வாயோதான் குற்றவாளி. கோடு அமைதியாக இருந்தால் அழுத்தம் குறைவோ என்று டாக்டர் பார்க்க வேண்டும். நடுவில் விழித்தால் மணி எத்தனை ஆனாலும் மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள்.

காலையில் வாய் காய்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

வாய் திறந்து காற்று போகிறது. மூக்கடைப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூக்கு அடைத்தால் வாய் திறக்கத்தான் செய்யும். உப்புநீர் ஸ்ப்ரேயும், மெஷினின் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரின் ஈரப்பதத்தைக் கூட்டுவதும் பலருக்குப் போதும். கூட்டியதால் ட்யூபில் தண்ணீர் தேங்கிக் களகளவென்றால் ஈரத்தைச் சற்றுக் குறையுங்கள், அல்லது சூடாகும் ட்யூப் வாங்குங்கள். மூக்கு சரியாக இருந்தும் வாய் திறந்தால் மூக்கும் வாயும் மூடும் மாஸ்குக்கு மாறுங்கள். வாயில் டேப் ஒட்டும் பழக்கம் பரவி வருகிறது. மூக்கடைப்பு உள்ளவர்களும், வாந்தி வரும் வாய்ப்புள்ளவர்களும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எழுந்ததும் வயிறு பலூன் மாதிரி உப்பி, ஏப்பமாக வருகிறது.

காற்றை விழுங்குகிறீர்கள். தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தி, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். குறையாவிட்டால் அழுத்த அளவை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகக் குறைத்தால் ஆப்னியா திரும்பிவிடும்.

தூங்கும்போது கரன்ட் போனால் மூச்சு நின்றுவிடுமா?

நிற்காது. மூக்கு மாஸ்க் என்றால் வாய் இருக்கிறது. வாயையும் மூடும் மாஸ்கில், காற்று நின்றதும் தானே திறந்து அறைக்காற்றை உள்ளே விடும் வால்வு இருக்கும். பெரும்பாலும் விழிப்பே வந்துவிடும். வராவிட்டாலும் பழைய குறட்டைதான் திரும்பும்.

மூன்று வாரமாக ஒழுங்காகப் போடுகிறேன். ஆப்பில் ஏஎச்ஐ 3 என்கிறது. ஆனாலும் மதியம் கண் சொக்குகிறது. மெஷின் பொய் சொல்கிறதா?

ஏஎச்ஐ என்பது ஒரு மணி நேரத்தில் மூச்சு எத்தனை முறை தடைப்பட்டது என்ற கணக்கு. 30-க்கு மேல் போனால் கடுமையான ஆப்னியா. மெஷினோடு 5-க்குக் கீழே வந்தால் நல்லது, உங்களுடையது வந்திருக்கிறது. சிலருக்கு முதல் வாரத்திலேயே தலை தெளிந்துவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். முன்னேற்றத்தை வேறு இடத்திலும் தேடுங்கள். ராத்திரி சிறுநீருக்கு எழுவது குறைந்திருக்கிறதா? தொண்டை அடைத்த நிலையில் நெஞ்சு காற்றை இழுக்கும்போது இதயம் விரிகிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தப்பாக எண்ணி, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. அடைப்பு நீங்கினால் பலருக்கு அந்த நடையும் குறையும்.

அதோடு, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று எழுதவில்லையே. ஐந்து மணி நேரத் தூக்கத்தை எந்த மெஷினும் ஏழாக்காது. தூக்கம் போதுமானதாக இருந்தும் சொக்கல் நீடித்தால், சாப்பிடும் மருந்துகள், தைராய்டு, இரத்தசோகை, மனச்சோர்வு எல்லாவற்றையும் டாக்டர் பார்க்கட்டும். அதுவரை கண் சொக்கும் நிலையில் வண்டி ஓட்டாதீர்கள்.

எதை எப்போது கழுவ வேண்டும்? மாஸ்கைச் சுத்தம் செய்ய ஓசோன் கருவி வாங்கலாமா?

முகத்தில் படும் பகுதியைத் தினமும், ட்யூபையும் பட்டைகளையும் வாரத்துக்கு ஒருமுறை, மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். தண்ணீர்த் தொட்டியைத் தினமும் காலி செய்து காயவிடுங்கள். காய்ச்சி வடித்த நீரையே (டிஸ்டில்ட் வாட்டர்) ஊற்றுங்கள். ப்ளீச் வேண்டாம். ஓசோனும் வேண்டாம், மிஞ்சினால் நுரையீரலை எரிக்கும்.

இதை ஆயுசுக்கும் போடணுமா?

மெஷின் நோயைக் குணப்படுத்தாது. போட்ட ராத்திரி வேலை செய்யும், போடாத ராத்திரி செய்யாது. எடை நன்றாகக் குறைந்த சிலருக்கு இது தேவைப்படாமலே போகிறது. சிலருக்கு அழுத்தத்தைக் குறைத்தால் போதும். தாடையை முன்னுக்குத் தள்ளி வைக்கும் வாய்க்கருவி, அறுவைச் சிகிச்சை என்ற வழிகளும் உண்டு. ஆனால் குறட்டை நின்றுவிட்டது என்று வீட்டில் சொல்வதை நம்பி நிறுத்தாதீர்கள். குறட்டை இல்லாமலும் மூச்சு தடைப்படும். இன்னொரு தூக்கப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு மெஷினை மூட்டை கட்டுவதா என்று முடிவு செய்யலாம்.