சீட்டைத் தூக்காமல் கோல்ஃப் கார்ட் வாங்காதீர்கள்

கேள்வி: எங்கள் வளாகம் பெரியது. அப்பாவுக்கு முழங்கால் வலி, வாசல் வரை நடப்பதே சிரமமாகிவிட்டது. பழைய எலக்ட்ரிக் கோல்ஃப் கார்ட் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. புது பெயின்ட், புது சீட். ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் போகிறது. வாங்கலாமா?

பதில்: எத்தனை நிமிடம் ஓட்டினீர்கள் என்று எழுதவில்லையே! முதல் ஐந்து நிமிடம் எந்த ஓட்டை வண்டியும் நன்றாகத்தான் போகும்.

நான் 22 வருடம் ஒரு கோல்ஃப் மைதானத்தின் வண்டிக் கொட்டகையில் வேலை பார்த்தவன். இருந்தும், எனக்கென்று வாங்கிய முதல் வண்டியில் ஏமாந்தேன். பளபளவென்ற சிவப்பு பெயின்டைப் பார்த்து மயங்கியதுதான் காரணம். விற்றவர் இரண்டு ரவுண்டு ஓட்டிக் காட்டினார், நானும் ஒரு ரவுண்டு அடித்தேன். பணத்தைக் கொடுத்துவிட்டு ஓட்டி வந்தால், இருபதாவது நிமிடம் ஒரு சின்ன மேட்டில் நின்றுவிட்டது. சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஆறு பேட்டரியில் ஒன்று மட்டும் புத்தம் புதுசு, மற்ற ஐந்தும் கிழடு. ஆறும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 170 கிலோ. அந்தக் கனத்தோடு வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

பேட்டரிகள் எல்லாம் ஒரே வரிசையில் கோத்திருக்கும், ஒரே மின்சாரம்தான் அத்தனையிலும் பாயும். இருப்பதிலேயே நோஞ்சான் எதுவோ, அது தீர்ந்ததும் வண்டி படுத்துவிடும். நடுவில் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால் முதலில் பேட்டரிகளின் வயதைப் பாருங்கள். பல கம்பெனிகள் பேட்டரியின் முனையிலோ மூடியிலோ ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் பதித்திருக்கும். ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். எண் வருடத்தின் கடைசி இலக்கம். சி-2 என்றிருந்தால் 2022 மார்ச். ஆறிலும் ஒரே தேதியோ, ஒன்றிரண்டு மாத வித்தியாசமோ இருந்தால் நிம்மதி. மைதானங்கள் பெரும்பாலும் நாலைந்து வருடத்தில் வண்டிகளை மொத்தமாக மாற்றிவிடும். ஈய ஆசிட் பேட்டரி ஓய்கிற வயதும் ஏறக்குறைய அதுதான். அங்கிருந்து வந்த வண்டியில் பழைய பேட்டரியே இருந்தால், புது செட்டின் விலையையும் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும்.

அப்புறம் மல்டிமீட்டர். 48 வோல்ட் வண்டியில் மீட்டரும் 48 காட்டினால் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். பாதிச் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்! முழுச் சார்ஜில் சில மணி நேரம் சும்மா நின்ற வண்டி 51 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். சார்ஜரைக் கழற்றியதுமே அளந்தால் பொய்யாகக் கூடுதல் காட்டும், அதையும் நம்பாதீர்கள்.

இதெல்லாம் முடிந்தபின், இரண்டு மூன்று பேரை ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். மேடு இருந்தால் கட்டாயம் ஏற்றுங்கள். இறங்கியதும் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஐந்து 8 வோல்ட் பேட்டரிகள் 8.2 காட்ட, ஒன்று மட்டும் 7.4 என்றால் ஆள் சிக்கிவிட்டான். ஹைட்ரோமீட்டர் (பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்திருப்பவர் யாராவது கூட வந்தால் இன்னும் நல்லது. முழுச் சார்ஜில், பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லிலும் (அறையிலும்) 1.265க்கு மேல் வர வேண்டும். செல்லுக்குச் செல் 0.05 வித்தியாசம் வந்தால் அந்த பேட்டரிக்கு ஆயுள் முடிகிறது.

சீட்டுக்குக் கீழே கைவிடுமுன் வாட்ச், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். என் இடது மணிக்கட்டில் வாட்ச் பட்டையின் அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. எப்படி வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: நான் பார்த்திருப்பது கிளப் கார் கம்பெனியின் வண்டி. 2012 மாடல் என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது? அலுமினிய ஃபிரேம், துருவே பிடிக்காது என்பது உண்மையா?

பதில்: வண்டியில் சீரியல் நம்பர் ஒட்டியிருக்கும். அதில் முதலில் இரண்டு எழுத்து, அது மாடல். அடுத்த நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வருடம், பின் இரண்டு வாரம். எழுத்துகளுக்குப் பின் 0512 என்று வந்தால் 2005-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம். ஸ்டிக்கரைச் சுரண்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அலுமினியம் துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் ஆசிட் அலுமினியத்தையும் தின்னும். பேட்டரிக்கு அடியில் டார்ச் அடித்து, வெள்ளைப் பொடி படிந்த இடங்களை ஸ்குரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். ஸ்பிரிங், போல்ட் எல்லாம் எப்படியும் இரும்புதான். ஈஸி-கோ, யமஹா வண்டிகள் பெரும்பாலும் ஸ்டீல் ஃபிரேம். அவற்றில் புதுக் கறுப்பு பெயின்ட் அடியில் மட்டும் தடிமனாகப் பூசியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கேள்வி: லித்தியத்துக்கு மாற்றிய வண்டியில் இந்தத் தொல்லை இல்லைதானே?

பதில்: வேறு தொல்லை. லித்தியத்தில் வோல்ட்டேஜ் கடைசி வரை ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கும். அதனால் மீட்டரை வைத்து ஆரோக்கியம் கண்டுபிடிக்க முடியாது, ஓட்டித்தான் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு காவல் சர்க்யூட் இருக்கும். மோட்டார் மேட்டில் இழுக்கிற கரண்ட்டை அது தாங்காவிட்டால் பட்டென்று துண்டித்துவிடும். சமதரையில் இது தெரியவே தெரியாது. உங்கள் அப்பாவோ அம்மாவோ சரிவில் ஏறும்போது நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சார்ஜரும் லித்தியத்துக்கானதாக இருக்க வேண்டும்.

கேள்வி: ஆக்சிலேட்டரை மிதித்தால் 'டிக்' என்று சத்தம் வருகிறது, வண்டி நகரவில்லை. சின்ன ரிப்பேர்தான் என்கிறார் விற்பவர்.

பதில்: சொலினாய்டாக (மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) இருந்தால் சின்னதுதான். கன்ட்ரோலரோ (வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) மோட்டாரோ போயிருந்தால் பெரிய செலவு. சின்னது என்றால் அவரே செய்து கொடுக்கட்டும்.

கேள்வி: வண்டி எல்லா விதத்திலும் திருப்தி. சார்ஜர் மட்டும் இல்லை, தனியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார். பரவாயில்லையா?

பதில்: சார்ஜ் ஏறுவதையும் நாம் பார்க்க வேண்டும். கொஞ்சம் தீர்ந்த பேட்டரியில் சார்ஜரைச் செருகினால், அதிலுள்ள அம்மீட்டரின் (கரண்ட் காட்டும் மீட்டர்) முள் மேலே ஏறி, மெல்ல மெல்ல இறங்கும். செருகிய சில நிமிடத்திலேயே முள் படுத்துவிட்டால், சார்ஜரில் கோளாறு இல்லையென்றால், பேட்டரியில் கொள்ளளவு போய்விட்டது. சார்ஜர் இல்லாமல் இதைச் சோதிக்க வழியில்லை. சார்ஜர் இல்லாதவர் நீங்கள் ஓட்டிப் பார்த்த அன்று எதைக்கொண்டு சார்ஜ் ஏற்றினார் என்று கேளுங்கள்.