கத்தோலிக்கத் தியான மரபில் ‘பற்றின்மை’ என்றால் என்ன? ஜெபத்துக்கு அது எதற்கு?

“இது இல்லாவிட்டால் நான் இல்லை” என்று ஒரு பொருளையோ ஆளையோ நற்பெயரையோ இறுக்கிப் பிடித்திருக்கும் மனம் அந்தப் பிடியைத் தளர்த்துவதுதான் பற்றின்மை.

நண்பர் எதிரே உட்கார்ந்து பேசுகிறார். உங்கள் கவனமோ மேசைமேல் கிடக்கும் போனில். பேச்சு காதில் விழும், உள்ளே இறங்காது. ஜெபத்திலும் இதே கதைதான். 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினின் கார்மேல் துறவி புனித சிலுவை யோவான் இன்னும் கறாராகச் சொன்னார்: பறவையைக் கட்டியிருப்பது கயிறோ மெல்லிய நூலோ, அறுபடும் வரை அது பறக்காது. ஜெபத்தில் கிடைக்கும் இனிமையையும் அவர் அந்த நூல்களில் ஒன்றாக எண்ணினார். எனக்கு உறைத்த இடம் அதுதான். இனிமை வற்றியதும் பலர் ஜெபத்தையே விட்டுவிடுகிறோம். அவரோ அந்த வறட்சி வளர்ச்சியின் ஒரு கட்டமாக இருக்கலாம் என்றார்.

அப்புறம், பற்றின்மை என்றால் பொறுப்புகளை உதறிவிட்டு ஓடுவது என்று நினைக்க வேண்டாம்: அவரோடு சேர்ந்து கார்மேல் சபையைச் சீர்திருத்திய அவிலா புனித தெரசா, வீடு வாங்குவது, பணம் புரட்டுவது எல்லாம் பார்த்துக்கொண்டேதான் 1562 முதல் 1582-க்குள் 17 மடங்களை நிறுவினார்.